இ-கோர்ட்ஸ் ஆப்: வழக்கு போட்டவர்கள் போனில் இருக்க வேண்டியது

காரைக்குடியில் எங்கள் வளவு வீட்டின் பின்கட்டுப் பாதையை அடைத்துவிட்டார்கள் என்று அப்பச்சி போட்ட வழக்கு. வக்கீலைக் கேட்டால் எப்போதும் "தேதி தள்ளியிருக்கு" என்பார், நாங்களும் சென்னையில் இருந்துகொண்டு சரி சரி என்று விட்டுவிட்டோம். போன மாதம் நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இந்த ஆப்பை இறக்கி, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால், 'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று வருகிறது. விசாரணைக்கு எங்கள் தரப்பில் யாருமே போகவில்லை, எதிர்த்தரப்பு வந்திருக்கிறது, தள்ளுபடி ஆகி 22 நாள் ஆகிவிட்டது!

இப்படித் தள்ளுபடியானால் அதே விஷயத்துக்குப் புது வழக்கு போட முடியாது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 9-இன் கீழ் 30 நாளுக்குள் மறுபடி எடுக்கச் சொல்லி மனு போட வேண்டும், தவறினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு, அதற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டும். எட்டு நாள் மிச்சம் இருந்ததால் தப்பித்தோம்.

ஆப் இலவசம். 'மை கேஸஸ்' பகுதியில் சேமித்தால் அடுத்த தேதி தெரியும். சில நேரம் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், அது ஒன்றுதான் குறை. நான்கு நட்சத்திரம். அப்பச்சி போனிலும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.