பால்சாவில் ஃபிலிம் ஒட்டும் முன்: செங்கோட்டைப் பக்கத்து அனுபவம்

சாரல் காலத்தில் செங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு மாடல் விமானத்துக்கு அயர்ன் ஃபிலிம், அதாவது சூடான அயர்னால் மரத்தின் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் உறை, ஒட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஜூன், ஜூலையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும்போது டப்பாவுக்குள் இருக்கும் அப்பளமே நமுத்துப்போகிறது. விமானம் செய்யும் லேசான பால்சா மரம் மட்டும் சும்மா இருக்குமா? ஓரகவர் வகை ஃபிலிமின் பசை 100 டிகிரி செல்சியஸ் வாக்கில் பிடிக்கும், 150 வாக்கில் ஃபிலிம் சுருங்கும். மோனோகோட் என்ற இன்னொரு ஃபிலிமுக்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி ஃபிலிமைத் தூக்கிவிடும். குமிழியை அழுத்தினால் பக்கத்தில் போய் எழும்பும். மாசி, பங்குனியில் ஒட்டிய இறக்கைகள் பல வருடம் கழித்தும் விறைப்பாக நிற்கின்றன. மழைநாளில் ஒட்டியே ஆகவேண்டும் என்றால், குண்டு பல்பு எரியும் அலமாரியில் ஓர் இரவு முழுக்க மரத்தை வைத்து எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறேன்.

அடுத்து தேய்ப்பு. உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்கவே கூடாது. விரல் மெத்தென்ற இடத்தில் பள்ளம் பறிக்கும். நீளமான, நேரான கட்டையில் தாளை ஒட்டி, 220 நம்பரில் வடிவம் கொண்டுவந்து, 320-ல் முடித்தால் போதும். 400 எல்லாம் என் கணக்கில் அலங்காரம்தான், ஃபிலிம் அதனால் கூடுதலாகப் பிடிப்பதில்லை.

உண்மையான தொல்லை பசை இருக்கும் இடம். சூப்பர் க்ளூ காய்ந்தால் பால்சாவைவிடப் பல மடங்கு கடினம். தேய்க்கும்போது சுற்றியுள்ள மரம் கரைந்துபோகும், பசை மட்டும் மேடாக நிற்கும். வெளிர் நிற ஃபிலிமில் அந்த மேடு வெயிலில் பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பசை வேறு மாதிரி, ரப்பராக உருண்டு தாளை அடைத்துவிடும். அதனால் வெளியே தெரியும் இணைப்புகளில் பசையைச் சிக்கனமாக வைத்து, வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுவது நல்லது.

நகம் பட்டு விழுந்த குழிக்குப் பட்டி தேவையில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அது ஊறியதும் அயர்ன் நுனியை மெல்லத் தொட்டால் நசுங்கிய இழை ஊதி மேலே வரும். காய்ந்தபின் லேசாகத் தேய்த்தால் குழி இருந்த இடமே தெரியாது. மரம் பெயர்ந்துபோன இடத்துக்கு மட்டும் எடை குறைந்த ஃபில்லர். சுவருக்குப் பூசும் பட்டி கனம், வால் பக்கம் அதைப் பூசினால் மூக்கில் ஈயம் சேர்த்துத்தான் சமன் செய்ய வேண்டும்.

மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். “பாலிஷ் வேலைக்கு ரெண்டு கோட் அடிச்சாத்தான் தம்பி எடுக்கும்” என்பார் எங்கள் மரப்பட்டறை அண்ணாச்சி. கதவுக்கு அது சரி. பால்சாத் தகடு மூடிய இறக்கை முழுக்க அடித்தால், சூட்டில் விரியும் காற்று மரத்துக்குள் போக வழியில்லாமல் ஃபிலிமுக்கடியில் குமிழியாகத் தங்குகிறது. சீலர் அடித்த இறக்கையையும் வெறும் மரத்தில் ஒட்டியதையும் வருடக்கணக்கில் பறக்கவிட்டுப் பார்த்ததில், நடுப்பகுதியில் வெறும் மரம்தான் ஜெயிக்கிறது. டிரெய்லிங் எட்ஜ் (இறக்கையின் பின்விளிம்பு), ஏலிரான் (இறக்கையில் அசையும் மடல்) ஓரம், ப்ளைவுட் இணைப்பு ஆகிய இடங்களில் மட்டும் தின்னரில் கரைத்த சீலரை மெல்லிசாகப் பூசுகிறேன். ஃபிலிம் முதலில் உரியத் தொடங்குவது அங்கேதான்.

கடைசியில் தூசி. பிரஷ்ஷால் தட்டினால் தூசி இழைக்குள்ளேயே இருக்கும். வாக்யூமில் உறிஞ்சிவிட்டு, தின்னரை லேசாகத் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக ஆவியாகவிட்டபிறகே அயர்னை எடுங்கள். இந்த வேலை முழுக்க முகக்கவசம் வேண்டும்.

எண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும் க்ளோ என்ஜின் வைத்திருந்த பழைய விமானத்துக்குப் புது ஃபிலிம் போடுவது தனிக்கதை. என்ஜினைப் பூட்டும் ஃபயர்வால் பலகைப் பக்கம் ஆமணக்கெண்ணெய் ஊறிய மரத்தில் எந்த ஃபிலிமும் நிற்காது. சோளமாவைத் தின்னரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் சுரண்டி, மாவில் எண்ணெய்க் கறை வராமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அப்படியும் கறை நிற்கவில்லை என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது மரம் வைப்பதுதான் வழி.