கிளேசிங் மீடியம் என்று எனக்கு விற்ற வெள்ளைப் பசை: அக்ரிலிக்கில் வரைபவர்கள் கவனிக்க

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். வெள்ளைத் துணி, நடுவில் பச்சைக் கறை. கீழே ஒரே வரி: “தம்பி, பெயின்ட் துணியோட வருதுப்பா.”

அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக நான் வரைந்து கொடுத்த தாமரைக் குளம் அது. மூன்றடிக்கு நாலடி கேன்வாஸ், அக்ரிலிக். நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு மாதம் கழித்து வந்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் தூசி படிந்திருக்கிறதே என்று ஈரத் துணியால் லேசாகத் துடைத்திருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. ஒழுங்காகக் காய்ந்த அக்ரிலிக், தண்ணீர்த் துணிக்கெல்லாம் அசையாது. அதற்காகத்தானே நாம் அக்ரிலிக்கில் வரைவதே.

போய்ப் பார்த்தேன். குளத்தின் ஆழம் தெரிய வேண்டும் என்று ஏழெட்டு முறை மெல்லிய பூச்சாகப் பச்சையும் நீலமும் ஏற்றிய இடம் மட்டும் பிசுபிசுத்துக் கிடந்தது. விரலை நனைத்துத் தேய்த்தால் அழுக்குத் திரி மாதிரி உருண்டு வந்தது. மேலே வானம், ஓரத்துப் படிக்கட்டு எல்லாம் அப்படியே இருந்தன. அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வானத்துக்கு வெறும் பெயின்ட்டும் கொஞ்சம் தண்ணீரும்தான். குளத்துக்கு மட்டும் மீடியம், அதாவது பெயின்ட்டை இளக்கி மெல்லிய பூச்சாக ஏற்றுவதற்குக் கலக்கும் பால் மாதிரியான திரவம்.

அந்த மீடியம், பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் வாங்கியது. பெயர் வேண்டாம். நல்ல கம்பெனி மீடியம் என்றால் சின்ன பாட்டிலுக்கே கை கடிக்கும். இவர் ஒரு லிட்டர் கேனை 650 ரூபாய்க்குக் கொடுத்தார். “அதே சரக்குதான் சார், லூஸ்ல வருது, லேபிளுக்குத்தான் அங்க காசு” என்றார். கேன் மேல் கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய சீட்டு: அக்ரிலிக் கிளேசிங் மீடியம், ஆர்ட்டிஸ்ட் கிரேடு. தயாரித்தவர் முகவரி கிடையாது, பேட்ச் எண் கிடையாது. அதைப் பார்த்தும் வாங்கினேன், ஆசை.

திறந்தபோதே ஒரு வாசனை வந்தது. அக்ரிலிக் மீடியத்தில் லேசாக அம்மோனியா நெடி இருக்கும். இதில் புளித்த மாதிரி, வீட்டில் ஆசாரி மரவேலை செய்யும்போது வருமே, அந்த வாசனை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புகார் சொல்லப் போனபோது கடைக்காரர் அசரவே இல்லை. “தண்ணிய அதிகமா ஊத்தியிருப்பீங்க சார். அக்ரிலிக்ல தண்ணி ஜாஸ்தியானா இப்படித்தான்.” அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் என்னால் அங்கேயே மடக்க முடியவில்லை.

பாதி உண்மை என்னவென்றால், அக்ரிலிக் பெயின்ட்டில் நிறமித் தூளைப் பிடித்து வைத்திருப்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். தண்ணீர் ஆவியாகும்போது துளிகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிப் படலமாகிவிடும். மறுபடி தண்ணீர் பட்டாலும் பிரியாது. தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றினால் துளிகள் தூரத் தூரப் போய்விடும், படலம் சரியாகக் கூடாது, நிறம் சுண்ணாம்பு மாதிரி தேய்த்தால் வரும். நான் கேன்வாஸில் வரையும்போது நாலு பங்கு பெயின்ட்டுக்கு ஒரு பங்கு தண்ணீரைத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் இளக்க வேண்டுமென்றால் மீடியம்தான், ஏனென்றால் அதுவும் நிறமில்லாத அதே பிளாஸ்டிக் துளிகள். எவ்வளவு கலந்தாலும் பிடிப்பு குறையாது. உறிஞ்சும் காகிதத்தில் வாட்டர்கலர் மாதிரி நீர்க்க அடிப்பது வேறு கதை.

மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையும் பார்வைக்கு இப்படியே இருக்கும் என்பதுதான் இதில் வினை. ஈரத்தில் பால், காய்ந்தால் கண்ணாடி. பெயின்ட்டில் கலந்தால் அதேபோல வெளிறி, காயும்போது அதேபோல ஒரு படி கருத்து நிற்கும். ஆனால் சாதாரண வெள்ளைப் பசையில் தண்ணீரில் கரையும் பொருளும் கலந்திருக்கும். அதனால் காய்ந்த பிறகும் நீர் பட்டால் வெளுத்து, இளகிவிடும்.

சரி, யார் சொல்வது உண்மை என்று வீட்டில் சோதித்தேன். ஒரே கேன்வாஸ் துண்டில், ஒரே நீலத்தில் மூன்று கட்டம். முதலாவதில் நான் வழக்கமாக ஊற்றும் அளவுத் தண்ணீர், இரண்டாவதில் என்னிடம் பழைய பாட்டிலில் மிச்சமிருந்த கம்பெனி மீடியம், மூன்றாவதில் அந்தக் கேன் சரக்கு. ஒரு வாரம் காயவிட்டு, நனைத்த பஞ்சை ஒவ்வொன்றின் மேலும் ஐந்து நிமிடம் வைத்துத் தேய்த்தேன். முதல் இரண்டு பஞ்சும் வெள்ளையாகவே வந்தன. மூன்றாவது நீலம். கூடவே, கேனிலிருந்து ஒரு கரண்டியை மட்டும் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தேன். கண்ணாடித் தாள் மாதிரி இருந்ததைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். ராத்திரி போட்டது, காலையில் ஊறிய ஜவ்வரிசி நிறத்தில் கொழகொழவென்று கிடந்தது.

வீடியோவோடு போய்க் காட்டினேன். கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “நமக்கு மொத்த வியாபாரி குடுத்தது சார், நான் என்ன செய்ய?” திறந்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டாராம். நானும் பில் கேட்டு வாங்கவில்லை. பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லியிருக்கலாம். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த 650-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதே நாளில் அதே கடையில் வாங்கிய கிரிம்சன், அதாவது அடர் சிவப்பு பெயின்ட் பாட்டிலும் வாலை ஆட்டியது. சந்தேகம் வந்த பிறகு ஓர் அட்டையில் அடித்து, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மொட்டை மாடியில் வைத்தேன். சித்திரை வெயிலில் ஐந்து வாரம். மூடிய பாதி மாதுளை, திறந்த பாதி ரோஸ்மில்க். டியூபிலோ பாட்டிலிலோ நிறமிக் குறியீடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்: பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை. ‘ஹியூ’ என்று பெயரோடு சேர்ந்திருந்தால், வேறு நிறமியை வைத்து அந்தச் சாயலைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஏமாற்று இல்லை, சொல்லித்தான் விற்கிறார்கள். என் பாட்டிலில் வெறும் ‘கிரிம்சன்’. குறியீடும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பயிற்சிக்கு அது பரவாயில்லை. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு ஆகாது.

அக்காவின் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பசைப் பூச்சின் மேலேயே திரும்ப வரைந்தால் அடியில் இளகும் படலம் அப்படியே இருக்கும், என்றைக்காவது மேலே இருப்பதும் சேர்ந்து உரியும். அதனால் வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்பாஞ்சுமாக உட்கார்ந்து குளத்தை முழுக்கக் கழுவினேன். ஒரு சாயங்காலம் போயிற்று. கீழே முதலில் தண்ணீர் மட்டும் கலந்து போட்டிருந்த அடிப்பூச்சு ஒரு பொட்டுகூட அசையவில்லை. “தண்ணிய அதிகமா ஊத்தியிருப்பீங்க” என்றவரை அந்த நேரத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

குளத்தைப் புதிதாக வரைந்து, வார்னிஷும் அடித்துக் கொடுத்துவிட்டேன். பணம் தருகிறேன் என்றார் அக்கா, வாங்கவில்லை.

கேனில் இன்னும் முக்கால் லிட்டர் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதில் கலர் பேப்பர் ஒட்டுகிறார்கள். நன்றாகத்தான் ஒட்டுகிறது.