21 நாள் இனச் சமத்துவப் பழக்கப் பயிற்சி: செய்து பார்த்தவரின் மதிப்பீடு

எட்டி மூர் ஜூனியர், டெபி இர்விங், மார்கரீட் பெனிக் ஆகியோர் உருவாக்கிய 21 நாள் இனச் சமத்துவப் பழக்கப் பயிற்சி, அமெரிக்காவில் பல நிறுவனங்களும் கல்லூரிகளும் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டு நடத்தும் இலவசத் திட்டம். நாளுக்கு ஒன்றாக எதையேனும் வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும், கவனிக்க வேண்டும், ஒருவருடன் உரையாட வேண்டும் அல்லது செயலில் இறங்க வேண்டும். செய்ததைப் பதிவுத்தாளில் அன்றைய கட்டத்தில் குறித்து, மனத்தில் பட்டதை எழுதிவைக்க வேண்டும். அமெரிக்காவில் நாங்கள் வாழும் ஊரின் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து இதைச் செய்து முடித்தோம்.

வாசிப்புப் பட்டியல் தரமானது. ஆனால் திட்டத்தின் உயிர் ‘கவனித்தல்’ பகுதியில்தான் இருக்கிறது. கடைசியாக வாசித்த ஐந்து புத்தகங்களை எழுதியவர்கள் எந்த இனத்தவர், பயணம் செய்யும் வழியில் நீர்நிலைக் கரையோரம் குடியிருப்பவர்கள் யார், தொழிற்சாலைகளை ஒட்டிக் குடியிருப்பவர்கள் யார் என்று அது கேட்கிறது. வீடு தேடும்போது “அந்த ஏரியா வேண்டாம், ஸ்கூல் ரேட்டிங் சரியில்லை” என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்வதுண்டு. அந்த ஏரியா எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று இந்தக் கேள்விகளுக்குப் பிறகே எங்களுக்குள் விரிவாகப் பேசினோம். 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் தயாரித்த நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணத்தில் குறிக்கப்பட்டன. அத்தகைய பகுதிகளில் வங்கிகள் கடன் தர மறுத்தன. 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்தபோதிலும், பள்ளிகளுக்கான நிதியில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருவதால், வீட்டின் மதிப்பு குறைந்த பல இடங்களில் பள்ளியின் வசதியும் இன்றுவரை குறைந்தே இருக்கிறது.

‘செயல்படுதல்’ பகுதி மெலிந்திருப்பதே இத்திட்டத்தின் பெருங்குறை. 21 நாளும் நாற்காலியை விட்டு எழாமலே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட முடியும் என்பதால், உள்ளூர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்குச் செல்வதை நாங்களாகவே சேர்த்துக்கொண்டோம். எந்தப் பகுதிப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்வது என்பதை வகுக்கும் பள்ளி எல்லைகளை மாற்றுவது குறித்த விவாதத்தில் எங்களில் இருவர் எழுந்து பேசியதும், அதன்பின் கறுப்பினப் பெற்றோர் ஒருவர் எங்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்ததும், அதுவரை வாசித்த எதையும்விட எங்களை அதிகம் நகர்த்தின.

எங்கள் கைக்கு வந்த பட்டியல் பெரும்பாலும் வெள்ளையரை நோக்கியே பேசுகிறது. நம்மைப் போன்றோருக்கு இந்நாட்டின் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்தின் அலையில் பிறந்தது என்பதோ, நாம் ஊரிலிருந்து சுமந்துவந்த சாதிப் பழக்கமோ நிறமோகமோ அதில் இடம்பெறவில்லை. தமிழ்க் குழுக்கள் இவற்றைத் தாமே சேர்த்துக்கொள்வது அவசியம்.

தனியாகச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாலைந்து பேர் சேருங்கள். உங்கள் ஊர் நகரமன்றமோ பள்ளி வாரியமோ கூடும் தேதியை முதலில் பார்த்து, 21ஆம் நாள் அதில் விழுமாறு தொடங்குங்கள்.