சார்ந்தவையா, சார்பிலாதவையா: யோசித்துச் சொல்வதா, பெருக்கிப் பார்ப்பதா?

இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சார்ந்தவையா என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. "ஒன்று நடந்தால் மற்றதன் வாய்ப்பு மாறுமா?" என்று யோசிப்பது ஒன்று. இரண்டும் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு, தனித்தனி நிகழ்தகவுகளின் பெருக்கற்பலனுக்குச் சமமா என்று கணக்குப் போடுவது மற்றது; சமமானால் சார்பிலாதவை, இல்லாவிட்டால் சார்ந்தவை.

சீட்டுக்கட்டுக் கணக்குக்கு யோசனையே போதும். 52 சீட்டில் ஓர் ஏஸை எடுத்துத் திரும்ப வைத்தால், அடுத்ததும் ஏஸாக வர 4/52 வாய்ப்பு அப்படியே இருக்கும். வைக்காவிட்டால் அது 3/51. இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பகடையை ஒருமுறை உருட்டும்போதுதான் யோசனை காலை வாருகிறது. இரட்டை எண் விழுவது ஒரு நிகழ்ச்சி. 4 அல்லது அதற்குக் குறைவாக விழுவது இன்னொன்று. ஒரே பகடை, ஒரே உருட்டல், அப்படியானால் சார்ந்தவை என்று பலரும் எழுதிவிடுவார்கள். பெருக்கிப் பாருங்கள்: 1/2 × 2/3 = 1/3. இரண்டிலும் அடங்குபவை 2, 4. அதாவது 2/6, அதுவும் 1/3. சார்பிலா நிகழ்ச்சிகள்! அந்த 4-ஐ 3 ஆக்கினால் போதும், எல்லாம் மாறிவிடும். பெருக்கினால் 1/4, ஆனால் இரண்டிலும் இருப்பது 2 மட்டும், 1/6. இப்போது சார்ந்தவை. 1 முதல் 4 வரை பாதி இரட்டை எண்கள், 1 முதல் 3 வரை மூன்றில் ஒன்றுதான் இரட்டை எண். இந்த வேறுபாட்டை வெறும் யோசனையில் பிடிப்பது கடினம். பாடக் கணக்குகளில் என் ஓட்டு பெருக்கலுக்கே.

ஆனால் சேர்ந்து நடக்கும் நிகழ்தகவு கையில் இல்லாதபோது பெருக்கல் சோதனையே இல்லை, வெறும் அனுமானம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற தாயின் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவர்களைப் போன்ற குடும்பத்தில் காரணம் தெரியாத திடீர் மரணத்துக்கு 8543-ல் 1 வாய்ப்பு. அதை அதாலேயே பெருக்கி, 7.3 கோடியில் 1 என்று மருத்துவ நிபுணர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னார். குழந்தைகளைக் கொன்றதாக 1999-ல் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை. ஒரே பெற்றோர், ஒரே வீடு, பொதுவான மரபணுக்கள் இருக்கும்போது இரண்டு மரணங்களும் தொடர்பற்றவை என்று எப்படிக் கொள்வது? இங்கே முதலில் தேவைப்பட்டது யோசனைதான். அந்தப் பெருக்கலுக்கு அடிப்படையே இல்லை என்று அரச புள்ளியியல் கழகம் 2001-ல் வெளிப்படையாகக் கண்டித்தது. வெளியிடப்படாமல் இருந்த மருத்துவச் சோதனை முடிவுகள் தெரியவந்த பிறகு, 2003-ல் தீர்ப்பு ரத்தாகி அவர் விடுதலையானார்.