பிராட்டா, விங்ஸா, புல்டு போர்க்கா? லாம்போ பார்க்கிங்கில் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு

விஸ்கான்சினின் அமெரிக்கக் கால்பந்து அணியான கிரீன் பே பேக்கர்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்துவிட்டால், "டெயில்கேட்டுக்கு நீ என்ன கொண்டு வர்றே?" என்ற கேள்வி அன்றைக்கே ஆரம்பித்துவிடும். அந்த அணியின் லாம்போ மைதானத்து பார்க்கிங்கில் கார் டிக்கியைத் திறந்து வைத்து, கிரில் போட்டு, ஆட்டம் தொடங்கும் வரை சுட்டுச் சாப்பிடுவதுதான் டெயில்கேட். விஸ்கான்சின்காரர்களில் சிலருக்கு ஆட்டத்தைவிட இதுதான் முக்கியம்.

மெனுவை முடிவு செய்யும்முன் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். பகல் 12 மணி ஆட்டம் என்றால் 11 மணிக்குள் அடுப்பை அணைத்துக் கட்டிவைக்க வேண்டும். எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். ஒரு கையில் கட்டாயம் பீர் கேன் இருக்கும். ருசி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் பிராட்வர்ஸ்ட், சுருக்கமாக பிராட். ஜெர்மன் குடியேறிகள் கொண்டுவந்த சாசேஜ், இன்று ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. ஷெபாய்கன் பக்கத்துக்காரர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். 1945இல் அங்கே ஒரு சின்ன இறைச்சிக் கடையாகத் தொடங்கிய ஜான்சன்வில்தான் இன்று எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் பிராண்ட். வெங்காயமும் வெண்ணெயும் போட்ட பீரில் பிராட்டை மெல்லக் கொதிக்கவிட்டு அப்புறம் கிரில்லில் சிவக்க வைப்பது ஒரு கட்சி. முதலில் சுட்டு, பிறகு அதே பீர்ச் சாற்றில் சூடாக மிதக்கவிடுவது இன்னொரு கட்சி. டெயில்கேட்டுக்கு நான் இரண்டாவது கட்சி. தாமதமாக வருகிறவனுக்கும் சூடான பிராட் காத்திருக்கும். பன்னுக்குள் வைத்து, பழுப்புக் கடுகுச் சாஸும் புளித்த முட்டைக்கோஸும் போட்டால் ஒரு கையாலேயே சாப்பிட்டுவிடலாம்.

ஒரே சிக்கல் கணக்கு. பச்சை பிராட் பாக்கெட்டில் 5 வரும், பன் பாக்கெட்டில் பெரும்பாலும் 8. ஆளுக்கு இரண்டு என்று 5 பாக்கெட் பிராட் வாங்கினால் 25, பன் 3 பாக்கெட்டுக்கு 24. மிச்சம் ஒரு பிராட். அது சுடுகிறவனுக்கு.

விங்ஸ், அதாவது கோழி இறக்கைத் துண்டுகளின் கதை வேறு. 1964இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஆங்கர் பாரில் பிறந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று கால்பந்து என்றாலே விங்ஸ்தான். 2025 சூப்பர் பவுல் இறுதிப் போட்டி வார இறுதியில் அமெரிக்கர்கள் 147 கோடி விங்ஸ் சாப்பிடுவார்கள் என்று தேசிய சிக்கன் கவுன்சிலே கணித்தது. வீட்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட இதற்கு ஈடே கிடையாது. பார்க்கிங்கில்தான் உதைக்கிறது. பச்சைக் கோழியைக் கூலரில் தனியாக வைக்க வேண்டும், உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை சுட வேண்டும், இரண்டு கையும் சாஸாகும், எலும்பு போட ஒரு பை வேண்டும். டிசம்பர் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாஸ் நக்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு எட்டுத் துண்டு என்று வைத்தாலும் பன்னிரண்டு பேருக்குச் சுமார் பத்து பவுண்டு ஆகும். சின்ன கிரில்லில் அதை ஒரே தடவையில் போட முடியாது. விங்ஸ் இல்லாமல் முடியாது என்றால் வீட்டிலேயே ஓவனில் முழுதாக வேகவைத்து எடுத்துப் போங்கள். அங்கே சூடேற்றிச் சாஸில் புரட்டினால் போதும்.

பன்றி இறைச்சியை மெல்ல வேகவைத்துப் பிய்த்தெடுக்கும் புல்டு போர்க் சோம்பேறிகளின் சாய்ஸ், நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன். வேலை எல்லாம் முந்தின நாளே முடிந்துவிடும். எட்டு பவுண்டு பாஸ்டன் பட் (பன்றித் தோள் இறைச்சி) வாங்கினால் வெந்து பிய்த்த பிறகு ஐந்து பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். பதினாலு சாண்ட்விச் வரை வரும், பன்னிரண்டு பேரில் இரண்டு பேர்தான் இரண்டாவது கேட்கலாம். ஐஸ் இல்லாத கூலரில் சூடான ட்ரேயைத் துண்டு சுற்றி வைத்தால் சில மணி நேரம் சூடு நிற்கும். 60 டிகிரிக்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் டிக்கியில் இருந்து எடுத்துப் பரிமாறுவது மட்டும்தான் வேலை என்றால் அப்புறம் கிரில் எதற்கு? புகையும் சொய்ங் சத்தமும் இல்லாத டெயில்கேட்டில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை.

ஆக என் ஓட்டு பிராட்டுக்கு. கூட்டத்தில் மாட்டிறைச்சி சாப்பிடாத நம்மூர் நண்பர்கள் இருந்தால் ஒரு எச்சரிக்கை: பன்றி பிராட் என்று முன்னால் எழுதியிருந்தாலும் மேலுறை மாட்டுக் கொலாஜனாக இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்குப் பனீரும் குடைமிளகாயும் கம்பியில் கோத்து எடுத்துப் போய், இறைச்சி விழுவதற்கு முன்பே முதலில் சுட்டுக் கொடுத்துவிடலாம். அலுமினியத் தாள் விரித்துச் சுட்டால் இன்னும் நிம்மதி.

எங்கே வாங்குவது? காஸ்ட்கோ ஒரு பக்கம், வுட்மேன்ஸ், ஃபெஸ்டிவல் ஃபுட்ஸ் மாதிரி ஊர்க் கடைகள் இன்னொரு பக்கம். பவுண்டு கணக்கில் பார்த்தால் இறைச்சியில் பெரும்பாலும் காஸ்ட்கோ ஜெயிக்கும். ஆனால் வருடச் சந்தா 65 டாலர், அளவும் பெரிது. பன்னிரண்டு பேருக்கு எதற்குக் குடம் மாதிரி ஒரு கடுகுச் சாஸ் பாட்டில்? போர்க் செய்வதானால், அல்லது முப்பது பேருக்குச் சமைப்பதானால் காஸ்ட்கோ போங்கள். பிராட்டுக்கு ஊர்க் கடையே மேல். ஐந்து ஐந்தாக எடுக்கலாம், சீசனில் அடிக்கடி தள்ளுபடியும் போடுவார்கள். கடித்தால் கீச்சென்று சத்தம் போடும் புது சீஸ் கர்ட்ஸும் (சின்னச் சீஸ் கட்டிகள்) அங்கேயே கிடைக்கும். அதை ஆட்டத்தன்று காலையில் வாங்குங்கள், ஃபிரிட்ஜில் வைத்தால் அந்தக் கீச் போய்விடும்.

அடுப்பில் எனக்குக் குழப்பமே இல்லை, கேஸ்தான். கரியில் சுட்டால் வாசனை தனிதான், மறுக்கவில்லை. ஆனால் கரி கனன்று வரவே இருபது நிமிஷம், ஆறவோ அதைவிட எவ்வளவோ நேரம். சூடான கரியைத் தூக்கி டிக்கியில் வைக்கவும் முடியாது. கரி போடுவதற்கென்று தொட்டி இருக்கிற பார்க்கிங்காகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

கேஸிலும் ஒன்று கவனியுங்கள். 1967 டிசம்பர் 31 அன்று இதே லாம்போவில் மைனஸ் 25 டிகிரியில் ஆட்டம் நடந்திருக்கிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் சீசன் கடைசியில் குளிர் கடுமையாகவே இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தாலே பியூட்டேன் அடுப்பு படுத்துவிடும். புரொப்பேன் எரியும், ஆனால் ஒரு பவுண்டு குட்டி சிலிண்டரில் அழுத்தம் குறைந்து தீ சோர்ந்துபோகும். கூடவே இன்னொரு சிலிண்டரைக் காருக்குள் ஆட்கள் உட்காரும் பக்கம் வைத்து எடுத்துப் போய், முதலாவது சோர்ந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். ஹீட்டர் காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். பீரைக் கூலரிலேயே விடுங்கள், ஐஸ் போடாமல். அந்தக் குளிரில் வெளியே வைத்தால் கேன் உறைந்துவிடும்.