ஜேகே 200 ஆம்பியர் பிஎம்எஸ்: மதிப்பீடும் மாட்டும் முறையும்

வீட்டு இன்வெர்ட்டருக்கு 16 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்களை வாங்கித் தாங்களே பேட்டரிப் பெட்டி கட்டுகிறவர்கள், செல்களைக் கண்காணித்துக் காக்கும் போர்டான பிஎம்எஸ் தேடும்போது கடைசியில் வந்து நிற்கும் பெயர்களில் ஜேகே முக்கியமானது. சீனாவின் செங்டு நகரத்து ஜீகாங் நிறுவனத் தயாரிப்பு. இங்கே பார்ப்பது இன்வெர்ட்டரோடு பேசும் வகையான பிபி2ஏ16எஸ்20பி (PB2A16S20P). பெயர் வாய்க்குள் நுழையாது, ஆனால் அதிலேயே எல்லாம் இருக்கிறது. 2ஏ என்றால் செல்களைச் சமன் செய்யும் பேலன்ஸ் கரண்ட் 2 ஆம்பியர். 16எஸ் என்றால் 16 செல் வரை. 20பி என்றால் 200 ஆம்பியர். இந்த மூன்றையும் படிக்கத் தெரியாமல் ஆர்டர் போட்டு, 8 செல் போர்டை 16 செல் பெட்டிக்கு முன்னால் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு.

வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் மாட்டி, கம்பெனி செட்டிங்கிலேயே ஓட்டுகிற பொருள் இது இல்லை.

இதன் பலம் பேலன்சர். சாதாரண பிஎம்எஸ்கள் உயர்ந்த செல்லின் மின்சாரத்தை ரெசிஸ்டரில் எரித்துச் சமன் செய்யும், அதுவும் 50 மில்லி ஆம்பியர், 100 மில்லி ஆம்பியர் அளவில். ஒரு செல் மற்றவற்றைவிட 10 ஆம்பியர்-மணி முன்னால் நின்றால் 50 மில்லி ஆம்பியரில் அதை இறக்க 200 மணி நேரம். ஜேகே அதை எரிப்பதில்லை. உயர்ந்த செல்லிலிருந்து எடுத்து கெப்பாசிட்டரில் ஏற்றி, தாழ்ந்த செல்லில் இறக்குகிறது. ஜேகேயின் மொபைல் ஆப்பில் பார்த்தால் பேலன்ஸ் கரண்ட் கூட்டல் 2, கழித்தல் 2 என்று மாறி மாறி வரும். பாதி நேரம் எடுப்பது, பாதி நேரம் கொடுப்பது. ஆகவே கைக்கு வருவது சராசரியாக 1 ஆம்பியர்தான். அப்படியும் அதே 10 ஆம்பியர்-மணி சுமார் 10 மணி நேரத்தில் நகர்ந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி வயரிங். கோளாறு என்று வருவதில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

இந்த பிஎம்எஸ் நெகட்டிவ் பக்கம் உட்கார்ந்து கரண்ட்டை அடைக்கிற வகை. முதல் செல்லின் நெகட்டிவ் பி மைனஸ் (B−) முனைக்கு வரும். பிஎம்எஸ்ஸின் மற்ற முனையிலிருந்து (P−) இன்வெர்ட்டருக்குப் போகும். 16வது செல்லின் பாசிட்டிவ் ஃப்யூஸ் வழியாக நேராக வெளியே போய்விடும். சோலார் சார்ஜ் கன்ட்ரோலரின் நெகட்டிவை "பக்கத்தில் இருக்கிறதே" என்று செல் பக்கம் கட்டினால், அது பிஎம்எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு சார்ஜ் ஏற்றும். பிஎம்எஸ் கதவை மூடினாலும் பின்வாசல் திறந்தே இருக்கும். ஒயர் நிறத்தை நம்பி எந்த முனை எது என்று முடிவு செய்யாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். போர்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

கேபிள் கணக்கு எளிது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 48 வோல்ட்டில், 90 சதவீதத் திறனில் சுமார் 115 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 35 சதுர மிமீ காப்பர் ஃப்ளெக்சிபிள் கேபிள் கஷ்டப்பட்டுத் தாங்கும், 50 சதுர மிமீ நிம்மதியாகத் தாங்கும். கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில்தான் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டிய லக் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், 100 ஆம்பியர் ஓடும்போதுதான் சுடும்.

ஃப்யூஸில் சிக்கனம் பிடிக்காதீர்கள். 280 ஆம்பியர்-மணி செல் ஒன்றின் உள் ரெசிஸ்டன்ஸ் கால் மில்லி ஓம் அளவு. 16 செல்லுக்கு 4 மில்லி ஓம். செல்களை இணைக்கும் பட்டையான பஸ்பார், கேபிள் எல்லாம் சேர்த்து 8 என்றே வைத்தாலும், ஷார்ட் ஆனால் 6,000 ஆம்பியருக்கு மேல் பாயும். கார் ஆடியோ கடையில் கிடைக்கும் ஃப்யூஸ் அதை அறுக்காது, உருகிய பிறகும் ஆர்க் எரிந்துகொண்டே இருக்கும். கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுக்கும். அது கிடைக்காவிட்டால் டிசி வோல்டேஜ் ரேட்டிங் தெளிவாக எழுதிய எச்ஆர்சி ஃப்யூஸ் போடுங்கள். ஏசி ரேட்டிங்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பிஎம்எஸ்ஸில் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அதைச் செய்வது மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் கரண்ட்டை விட்டுக்கொண்டே இருக்கும் நிலையில்தான் சாகும், அப்போது தடுக்க ஆளில்லை.

அடுத்தது பேலன்ஸ் ஒயர்கள். 16 செல்லுக்கு 17 ஒயர்: பி0 முதல் செல்லின் நெகட்டிவில், பி1 அதன் பாசிட்டிவில், இப்படியே போய் பி16 கடைசி பாசிட்டிவில். செல் டெர்மினலில் அடுக்கும் வரிசை முக்கியம். முதலில் செல், அதன்மேல் பஸ்பார், அதன்மேல் பேலன்ஸ் ஒயரின் ரிங், பிறகு வாஷர், நட்டு. ரிங்கைப் பஸ்பாருக்கு அடியில் வைத்தால் முழு கரண்ட்டும் அந்த மெல்லிய தகட்டைக் கடந்துதான் போக வேண்டும். டெர்மினல் அலுமினியம் என்பதால் மேலே ஆக்சைடு படலம் இருக்கும். நைஸ் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, உடனே பஸ்பாரை வைத்துவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

செல்களை எட்டு எட்டாக இரண்டு வரிசை வைத்து நடுவில் கேபிளால் இணைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 40 செமீ நீளமுள்ள 35 சதுர மிமீ கேபிளும் இரண்டு லக்கும் சேர்ந்து 0.3 மில்லி ஓம் ஆகிவிடும். 100 ஆம்பியர் ஓடினால் 30 மில்லிவோல்ட் அங்கே விழும். பி8 ஒயரை 8வது செல்லின் பாசிட்டிவில் வைத்தால் அந்த 30 மில்லிவோல்ட் 9வது செல்லின் கணக்கில் சேரும். சார்ஜ் ஆகும்போது 9 உயர்ந்து தெரியும், லோடு ஓடும்போது தாழ்ந்து தெரியும். செல்லில் குற்றமில்லை. "9வது செல் மட்டும் வீக்" என்று மாற்றுவதற்கு முன் இந்த ஒயர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கேபிளைத் தடிமனாக்கி நீளத்தைக் குறைத்தால் சரியாகும்.

கனெக்டரை போர்டில் சொருகும் முன் மல்டிமீட்டர் வேலை. அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு இடையே ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எல்லா இடத்திலும் 3.2 முதல் 3.3 வோல்ட் வர வேண்டும். பி5ம் பி6ம் இடம் மாறியிருந்தால் 4க்கும் 5க்கும் நடுவே 6.6 வரும், 5க்கும் 6க்கும் நடுவே கழித்தல் 3.3, 6க்கும் 7க்கும் நடுவே மறுபடி 6.6. அதை அப்படியே சொருகினால் பேலன்சர் பகுதி புகைந்துவிடும், அதற்கு வாரன்ட்டியும் கிடையாது. 16 அளவீடு, ஐந்து நிமிடம்.

சொருகும் வரிசை: முதலில் பி மைனஸ் கனமான இணைப்பு, நட்டு முறுக்கி முடித்த பிறகு பேலன்ஸ் கனெக்டர், கடைசியில் லோடு. கழற்றும்போது இதன் தலைகீழ். கனமான இணைப்பு இல்லாமல் பேலன்ஸ் கனெக்டர் மட்டும் இருக்கும்போது லோடு ஓடினால், மொத்த கரண்ட்டும் பி0 என்கிற நூல் போன்ற ஒயரில் பாயப் பார்க்கும். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

எல்லாம் மாட்டியும் விளக்கு எரியாது. பயப்பட வேண்டாம். இது தானாக விழிக்காது, பட்டனை அழுத்த வேண்டும் அல்லது சார்ஜர் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். டெட் பீஸ் என்று திருப்பி அனுப்பப்பட்டவற்றில் எத்தனை பட்டன் அழுத்தப்படாதவையோ.

டெம்பரேச்சர் சென்சாரை நடுச் செல்களுக்கு இடையில், செல்லின் உடம்பில் ஒட்டுங்கள். காற்றில் தொங்கினால் அறையின் சூட்டைத்தான் சொல்லும், பஸ்பாரில் ஒட்டினால் லக்கின் சூட்டைச் சொல்லும்.

இன்வெர்ட்டரின் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். கேபிளை நேராக வைத்தால் பட்டென்று பொறி பறக்கும், பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொள்ளும். ஒரு 60 வாட் குண்டு பல்பை முதலில் கேபிளுக்கும் இன்வெர்ட்டர் முனைக்கும் நடுவில் வைத்துச் சில விநாடி இணையுங்கள். பல்பு குளிர்ந்த நிலையில் 65 ஓம் அளவு இருக்கும். கெப்பாசிட்டர் நிதானமாக நிரம்பும், பிறகு கேபிளை வைக்கலாம். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இந்தத் தொல்லைக்காக ஆப்பில் ஷார்ட் சர்க்யூட் தாமதத்தை ஏற்றி வைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள்.

இனி ஆப். ப்ளூடூத் கடவுச்சொல் 1234, செட்டிங் மாற்ற 123456. இரண்டையும் முதல் நாளே மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடுத்த வீட்டில் இதே ஆப் வைத்திருப்பவர் உங்கள் டிஸ்சார்ஜை நிறுத்தலாம். எல்எஃப்பி என்ற ஒரே பட்டனை அழுத்தினால் அடிப்படை அளவுகள் வந்துவிடும், ஆனால் அது தொடக்கம் மட்டுமே. செல் எண்ணிக்கை 16, கொள்ளளவு 280 என்று கைப்பட எழுத வேண்டும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அலாரம் அடித்து, சார்ஜே ஏறாது.

மேல் வரம்பு செல்லுக்கு 3.65, கீழ் வரம்பு 2.80 போதும். பேலன்ஸ் தொடங்கும் வோல்டேஜ்தான் பலர் கோட்டைவிடும் இடம். இதை 3.0ல் விட்டுவிட்டால் பேலன்சர் நாள் முழுக்க வேலை செய்யும், வேலை செய்யச் செய்யப் பெட்டி கெடும். எல்எஃப்பியின் வோல்டேஜ் 3.2க்கும் 3.35க்கும் நடுவே மேசைபோல் தட்டையாக நிற்கும். அங்கே தெரியும் வித்தியாசம் உள் ரெசிஸ்டன்ஸால் வருவது, சார்ஜ் அளவால் வருவதல்ல. அதை நம்பி மின்சாரத்தை நகர்த்தினால் நன்றாக இருந்த செல்லும் விலகிப்போகும். 3.42 அல்லது 3.45 போடுங்கள், வித்தியாச அளவு 0.010க்குள். 2 ஆம்பியர் பேலன்ஸ் ஓடும்போது ஆப்பில் செல் வோல்டேஜ்கள் ஆடும். அந்த நேரத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதே திரையில் ஒவ்வொரு ஒயரின் ரெசிஸ்டன்ஸும் இருக்கும். எல்லாம் 0.06, 0.07 என்று இருக்க ஒன்று மட்டும் 0.4 காட்டினால் அந்த ரிங்கை அவிழ்த்துப் பாருங்கள், கிரிம்ப் சரியாகப் பிடித்திருக்காது.

சார்ஜ் வெப்ப வரம்பு 70 டிகிரியாகவே வருவதுண்டு. செல்லுக்கு அது அதிகம், 50க்கு இறக்குங்கள். சித்திரை வெயிலில் மாடி அறையில் பெட்டி வைத்திருந்தால் இது அடிக்கடி தடுக்கும். அப்போது மாற்ற வேண்டியது பெட்டியின் இடத்தை, வரம்பை அல்ல. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் குளிர் வரம்பைப் பார்க்க வேண்டும். 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் 5ல் நிறுத்தி வைப்பது நல்லது.

இன்வெர்ட்டர் கேன் (CAN) என்ற தகவல் இணைப்பு வழியாக பிஎம்எஸ்ஸோடு பேசும் ரகம் என்றால், ஆப்பில் அதற்கான புரோட்டோகாலைத் தேர்ந்தெடுத்து பிஎம்எஸ்ஸை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஒரே பெட்டி என்றால் போர்டிலுள்ள சின்னச் சுவிட்சுகளான டிப் சுவிட்ச் நான்கும் பூஜ்யத்தில். லான் கேபிள் இரண்டு பக்கமும் கிளிக் என்று உட்கார்ந்துவிடும், அதனால் பேசிவிடும் என்று இல்லை. இரண்டு கையேட்டையும் வைத்து கேன் ஹை, கேன் லோ எந்தப் பின்னில் என்று பொருத்திப் பாருங்கள். பிஎம்எஸ் இன்வெர்ட்டரிடம் கோரும் சார்ஜ் வோல்டேஜ் செல்லுக்கு 3.45, நிரம்பிய பிறகு தாங்கி நிற்கும் ஃப்ளோட் 3.35 என்றால் பெட்டிக்கு 55.2ம் 53.6ம் ஆகும்.

நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேசாத ரகம். ட்யூபுலர் (லெட் ஆசிட்) செட்டிங்கில் நான்கு பேட்டரிக்கு 57.6 வோல்ட் கொடுக்கும், செல்லுக்கு 3.60. லெட் ஆசிட் பேட்டரிக்கான ஈக்வலைஸ் என்ற கூடுதல் சார்ஜ் வந்தால் 60ஐத் தொடும், பிஎம்எஸ் சட்டென்று அறுக்கும். உச்சி வெயிலில் சோலார் 80 ஆம்பியர் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அப்படி அறுத்தால் கன்ட்ரோலரின் வெளியீட்டு வோல்டேஜ் எகிறும், சில கன்ட்ரோலர்கள் அதிலேயே போய்விடும். ஈக்வலைஸை அணையுங்கள், வெப்பத்துக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் டெம்பரேச்சர் காம்பன்சேஷனையும் அணையுங்கள், 55.2ஐக் கையால் போடுங்கள். கீழ்ப்பக்கம் இன்வெர்ட்டர் 48 வோல்ட்டிலேயே நிற்கட்டும். பிஎம்எஸ் தினமும் குறுக்கிட வேண்டியிருந்தால் மற்ற செட்டிங் எங்கோ தப்பு.

குறைகள் சொல்ல வேண்டும். சின்ன கரண்ட்டை இது பூஜ்யம் என்றே காட்டும். இரவெல்லாம் ரவுட்டரும் இன்வெர்ட்டரின் சொந்தச் செலவும் மட்டும் ஓடினால் எஸ்ஓசி (மீதமுள்ள சார்ஜ்) சதவீதம் அசையாமல் நிற்கும், பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் பல நாள் முழு சார்ஜ் எட்டாவிட்டால் இந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 100 சதவீத வோல்டேஜை 3.44 என்று வைத்தால், முழுதாக ஏறும் நாளில் கணக்கு தானே நேராகும். அதுவரை சதவீதத்தைவிட வோல்டேஜை நம்புங்கள். கையேடு படுமோசம், ஆங்கிலத்தில் இருப்பதும் சீனத்திலேயே யோசித்தது.

பெட்டியை மூடும் முன் ஒரு சோதனை. செல்கள் 3.30ல் இருக்கும்போது கீழ் வரம்பின் மீட்பு அளவை (டிஸ்சார்ஜ் மீண்டும் தொடங்கும் வோல்டேஜ்) 3.40க்கு ஏற்றி, பிறகு கீழ் வரம்பை 3.35 ஆக்குங்கள். ஒரு ஃபேன் அளவு லோடு ஓடிக்கொண்டிருக்கட்டும். சில விநாடியில் டிஸ்சார்ஜ் நிற்க வேண்டும். மேல் வரம்பையும் இப்படியே தாழ்த்தி சார்ஜ் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பழைய எண்களைத் திரும்பப் போட்டு, ஆப் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்எஸ்ஸின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றும்போது செட்டிங் அழிந்தால் அதுதான் கைகொடுக்கும்.