மாலா, மாதா கோயிலா? சென்னையில் கிறிஸ்துமஸுக்கு எங்கே, எந்த நாளில்?

சென்னையில் கிறிஸ்துமஸ் பார்க்கப் போக இடத்துக்குப் பஞ்சமில்லை, நாளுக்குத்தான் பஞ்சம். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடியவே டிசம்பர் 23 வாக்கில் ஆகிவிடுகிறது. அதுவரை வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஊர், 24, 25 ஆகிய இரண்டே நாளில் மொத்தமாக வெளியே கிளம்புகிறது. பாதிப் பேர் மாலுக்கு, மீதிப் பேர் சாந்தோமுக்கு. இரண்டு இடத்திலும் நெரிசலில் நின்றுவிட்டு, "கூட்டம்ப்பா, ஒண்ணும் பார்க்க முடியல" என்று திரும்புகிறார்கள். அதனால் எது நல்ல இடம் என்று யாராவது கேட்டால், எந்த நாள் போகப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

மால்காரர்களின் கிறிஸ்துமஸும் கோயில்காரர்களின் கிறிஸ்துமஸும் ஒரே காலண்டரில் ஓடுவதில்லை. மாலில் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ மரம் எழும்பிவிடும். 25-ம் தேதி உச்சம். அதன்பிறகு அதே மரத்தடியில் புத்தாண்டுத் தள்ளுபடி போர்டு வந்து உட்காரும். கத்தோலிக்கக் கோயிலில் கதை நேர் எதிர். அங்கே டிசம்பர் 24 இரவு வரைக்கும் திருவருகைக் காலம், அதாவது காத்திருக்கும் காலம். கிறிஸ்துமஸ் காலம் அன்று இரவுதான் தொடங்குகிறது. ஜனவரி முதல் வாரத்தில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் பண்டிகையையும் தாண்டி ஓடும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது: மாலுக்கு முன்னால் போங்கள், கோயிலுக்குப் பின்னால் போங்கள்.

முதலில் மால். ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி பீனிக்ஸ், அண்ணா நகர் பக்கம் வி.ஆர். மால், இந்த மூன்றுதான் பெரும்பாலோர் மனதில் வரும். அலங்காரத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. நடுக்கூடத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு மரம், பஞ்சுப் பனி, போட்டோ எடுக்கக் கிறிஸ்துமஸ் தாத்தா, சாயங்காலமானால் ஏதாவது பள்ளிக்கூடக் குழுவின் கேரல். எந்த மாலில் மரம் அழகு என்று அலசுவதைவிட உங்கள் வீட்டிலிருந்து எது கிட்டே என்று பார்ப்பது புத்திசாலித்தனம். வி.ஆருக்குத் திருமங்கலம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கும் எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் என்று மெட்ரோ நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. கார் எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் வினை. ஒரு 25-ம் தேதி சாயங்காலம், பெயர் வேண்டாம், ஒரு மாலின் தரைகீழ் பார்க்கிங்கிலிருந்து வெளியே வருவதற்குள் பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கியே போய்விட்டார்கள். உள்ளே இருந்த நேரத்தைவிட சரிவுப் பாதையில் நின்ற நேரம் அதிகம்.

பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தை என்றால் டிசம்பர் இரண்டாம் வாரத்தில், செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் சாயங்காலம் போய்விடுங்கள். தாத்தா வேஷக்காரர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசக்கூட நேரம் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் 24-ம் தேதி காலை, கடை திறக்கும் நேரத்துக்கு. அப்போது மரம் இருக்கும், கூட்டம் இருக்காது. ஃபுட் கோர்ட்டில் உட்கார இடமும் கிடைக்கும்.

நிஜப் பனிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், விஜிபி ஸ்னோ கிங்டம் இருக்கிறது. ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் கொடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே குளிரூட்டிய கூடத்துக்குள் அனுப்புவார்கள். வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவது உண்மையான சந்தோஷம், மறுக்க மாட்டேன். ஆனால் அது மே மாதத்திலும் அப்படியேதான் இருக்கும், அதைக் கிறிஸ்துமஸ் லீவில் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. சென்னையின் குளிரே 21, 22 டிகிரிதான். அதற்கே காலை நடைக்கு வரும் மாமாக்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு திரிகிற ஊர் இது.

இப்போது கோயில்கள். இதில் சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் இடையில்தான் எனக்கு எப்போதும் போட்டி.

சாந்தோம் பேராலயம் போர்ச்சுக்கீசியர் 16-ம் நூற்றாண்டில் எழுப்பிய இடத்தில், 1896-ல் ஆங்கிலேயர் காலத்தில் கோதிக் பாணியில் திரும்பக் கட்டப்பட்டது. இயேசுவின் சீடர் புனித தோமாவின் கல்லறை இங்கேதான் என்பது நம்பிக்கை. வெள்ளைக் கோபுரத்தில் விளக்கு ஏற்றிவிட்டால் கடற்கரைச் சாலையிலிருந்தே கண்ணில் படும். 24 இரவு பதினொன்று, பதினொன்றரைக்குத் தொடங்கும் நள்ளிரவுத் திருப்பலிக்கு (பூசைக்கு) உள்ளே இடம் பிடிப்பது லேசான காரியமல்ல. பாதிக் கூட்டம் வெளி வளாகத்தில் நாற்காலிகளில் இருக்கும், மீதி சாலை வரை நிற்கும். போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். "உன்னதங்களிலே" பாடும்போது மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்க, குழந்தை இயேசு சொரூபத்தை, மாட்டுத்தொழுவம் போல அமைத்த குடிலுக்குக் கொண்டுபோகும் அந்தச் சில நிமிடத்துக்காக ஒரு தடவையாவது நின்று பார்க்கலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்க வரிசை நகரும்போது மட்டும் நாமும் எழுந்து போகாமல் இருந்த இடத்திலேயே இருந்துவிட வேண்டும். திரும்பி வருவதற்கு என்ன வழி என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். மெட்ரோவின் கடைசி வண்டி வழக்கமாக 11 மணியோடு சரி. ஒரு மணிக்கு ஆட்டோக்காரர் கேட்கும் தொகையைக் கேட்டால் பண்டிகை மனநிலையே போய்விடும்.

இதையே 27 அல்லது 28-ம் தேதி சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். அதே விளக்கு, அதே குடில். குடிலை நிதானமாக, கிட்டே நின்று பார்க்கலாம். பிள்ளைகளுக்கு ஒட்டகத்தையும் ஆட்டுக்குட்டியையும் காட்டலாம். 20-ம் தேதியே போய் நின்றவர்களுக்குப் பல கோயில்களில் வைக்கோல் தொட்டி காலியாகத்தான் இருக்கும். குழந்தை சொரூபம் 24 நள்ளிரவுக்கு முன் தொட்டியில் வராது. "குழந்தை எங்கப்பா?" என்று நம் வீட்டுப் பிள்ளை சத்தமாகக் கேட்க, பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் பாட்டி, "இன்னும் பொறக்கல கண்ணு" என்று சொல்வார். பதிலும் சரிதான்!

பரங்கிமலைக்கு மட்டும் என் விதி பொருந்தாது. அங்கே 24-க்கு முன்னால் போக வேண்டும். மலைமேல் இருப்பது பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் மாதாவுக்காக 1523-ல் கட்டிய கோயில். திருநாளே டிசம்பர் 18. ஊரெல்லாம் பிறப்பைக் கொண்டாடத் தயாராகும்போது இங்கே காத்திருப்பைக் கொண்டாடுகிறார்கள். பீடத்தில் 1547-ல் தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை, அதைச் சுற்றி பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துகள். அந்தச் சிலுவையில் ரத்தம் கசிந்ததாக ஒரு நம்பிக்கையும் உண்டு. மலை உயரம் சுமார் 300 அடிதான். படியேறலாம், முடியாதவர்களுக்கு உச்சி வரை வண்டிப் பாதை இருக்கிறது. மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது கண்ணுக்கு நேராகத் தெரியும். பக்தி இல்லாத பிள்ளைகளையும் அரை மணி நேரம் கட்டிப்போட அது போதும். இந்தியாவை அளந்த பெரிய நில அளவைக்கு 1802-ல் ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் அடித்தளக் கோடு போட்டதும் இந்த மலையடிவாரத்தில்தான். வரலாறு பிடித்த பெரியவர் யாராவது கூட வந்தால் அவருக்கும் பேச விஷயம் கிடைக்கும். அழகில் சாந்தோம் மேல். ஆனால் ஒரு சாயங்காலத்தில் கிடைக்கிற மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் எனக்குப் பரங்கிமலைதான்.

சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, சபைகளின் வழக்கம் வேறு. அவர்கள் டிசம்பர் தொடங்கியதிலிருந்தே பாடிக்கொண்டிருப்பார்கள். வாசகம், பாட்டு, வாசகம், பாட்டு என்று போகும் கேரல் ஆராதனை பண்டிகைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே நடந்துவிடும். இந்தத் திருச்சபை 1947-ல் உதயமானதே கதீட்ரல் ரோட்டில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான். அங்கே ஒரு கேரல் மாலை கிடைத்தால் விடாதீர்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புனித ஆண்ட்ரூஸ், 1821-ல் திறந்த ஸ்காட்டிஷ் கோயில், உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் நீல விதானமும் பொன் நட்சத்திரங்களும். இசைதான் முக்கியம் என்பவர்கள் 1893-லிருந்து இயங்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் டிசம்பர் நிகழ்ச்சியை விசாரித்துக்கொள்ளலாம். மாலில் ஒலிபெருக்கியில் கேட்கும் கேரலுக்கும், நாற்பது ஐம்பது பேர் நான்கு குரலில் பிரிந்து பாடுவதற்கும் உள்ள தூரம் காதில் விழுந்தால்தான் புரியும்.

25-ம் தேதி விடியற்காலை ஆராதனை பெரும்பாலான சபைகளில் நாலு, ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். நள்ளிரவுத் திருப்பலியோடு ஒப்பிட்டால் இது எனக்கு மேல். சாலை காலி, காற்றில் கொஞ்சம் ஈரம், புதுப் பட்டுப்புடவை சரசரக்கும் சத்தம். ஆறரைக்கெல்லாம் எல்லாம் முடிந்து டீக்கடையில் நிற்கலாம்.

ஸ்டார் வாங்குவதற்கு பாரிமுனைதான், மாலில் வாங்காதீர்கள். காசிச்செட்டி தெரு, பந்தர் தெரு பக்கம் டிசம்பர் பிறந்ததும் கடை வாசலெல்லாம் நட்சத்திரமாகத் தொங்கும். மடித்து வைத்த அட்டையை விரித்து, பின்பக்கத் துளைகளில் கயிறு கோத்து, பல்பு ஹோல்டரை உள்ளே நுழைத்து, எரியவைத்துக் காட்டித்தான் தருவார்கள். நல்ல கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்: "அண்ணே, உள்ள மாட்டப் போறீங்களா, வெளியவா?" வெளியே என்றால், "அப்ப பேப்பர் வேணாம்ணே, ஒரு மழைக்குத் தாங்காது. இது எடுங்க" என்று பிளாஸ்டிக் ஸ்டாரை நீட்டுவார். அவர் சொல்வது வியாபாரத் தந்திரம் இல்லை. 2016-ல் வர்தா புயல் டிசம்பர் 12-ல் வந்தது. 2023-ல் மிக்ஜாம் புயல் டிசம்பர் முதல் வாரத்தில் ஊரையே முழுக்காட்டியது. மாதத்தின் முதல் பாதியில் வெளியே திட்டம் போட்டால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டே போடுங்கள். மரத்துக்கு பிளாஸ்டிக்கா, சவுக்கா என்றால் என் ஓட்டு சவுக்குக்கு. சவுக்குக் கிளையை வாளி மணலில் நட்டு, சீரியல் செட் சுற்றினால் வீடெல்லாம் பச்சை வாசனை வரும். ஒரே குறை, ஒரு வாரத்தில் இலை கொட்டித் தரை முழுக்க ஊசி ஊசியாகக் கிடக்கும்.

கேக் விஷயத்தில் நட்சத்திர ஹோட்டலுக்கும் பழைய பேக்கரிக்கும் போட்டி. ஹோட்டலில் காசு பெரும்பாலும் பெட்டிக்கும் ரிப்பனுக்கும் போகிறது. வேப்பேரிப் பக்கம் 1885-லிருந்து இருக்கும் ஸ்மித்ஃபீல்ட் பேக்கரி மாதிரி இடங்களில் பிளம் கேக் வெட்டினால் கத்தியில் பழம் ஒட்டும். ஆனால் இரண்டையும் தோற்கடிப்பது பெரம்பூர், புரசைவாக்கம் வீடுகளில் சுடும் அச்சு முறுக்கு. சுடுவதை ஒரு தடவை கிட்டே நின்று பாருங்கள். அச்சை முதலில் எண்ணெயிலேயே வைத்துக் காய்ச்ச வேண்டும். பிறகு மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் கழன்று வராது, அச்சோடு சேர்ந்து கருகும். சரியாக முக்கியது எண்ணெயில் ஒரு உலுக்கு உலுக்கினால் பூப்போல விழும். கிறிஸ்தவ நண்பர் வீட்டு அழைப்பு வந்தால், எந்த மால் திட்டத்தையும் ரத்து செய்துவிட்டுப் போகலாம்.

இதற்கெல்லாம் சரியான போட்டியாளர் மயிலாப்பூரிலேயே இருக்கிறார்: மார்கழி சீசன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் மியூசிக் அகாடமி பிறந்தது. காங்கிரஸ் மாநாடுகள் கிறிஸ்துமஸ் விடுமுறை வாரத்தில் கூடுவது அந்தக் கால வழக்கம். ஆக, டிசம்பர் சீசனுக்கும் கிறிஸ்துமஸ் லீவுக்கும் பிறப்பிலேயே உறவு. சாந்தோமையும் சபாவையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டோ தூரம்தான். மதியக் கச்சேரி, கேன்டீனில் டிபன், இருட்டியதும் குடில் என்று ஒரே நாளில் முடித்துவிடலாம். வீட்டுப் பெரியவர்களும் மறுப்புச் சொல்லாமல் கிளம்பும் ஒரே திட்டம் இது.

26-ம் தேதி காலை கடற்கரைக்குப் போவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2004-ல் சுனாமி வந்த நாள் அது. பட்டினப்பாக்கம், மெரினா ஓரத்து மீனவ மக்கள் கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துவார்கள். அங்கே போய் ஸ்பீக்கர் வைத்து ஆட்டம் போடுவது அழகல்ல. கடல்தான் வேண்டும் என்றால் சாயங்காலம் போங்கள், அல்லது மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கு வண்டியைத் திருப்புங்கள்.

லீவு முடிந்தும் மனசு அடங்காதவர்களுக்கு ஆர்மீனியன் தெரு இருக்கிறது. 1772-ல் கட்டிய ஆர்மீனியக் கோயில், உள்ளே மரங்களும் கல்லறைக் கற்களும். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையை 1794-ல் இதே மெட்ராஸிலிருந்து நடத்திய ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேதான். ஆர்மீனியர்களுக்குக் கிறிஸ்துமஸே ஜனவரி 6. அதே வாரத்தில் சாந்தோம் குடிலிலும் மூன்று ராஜாக்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். ஊர்க் கூட்டம் அதற்குள் புத்தகக் காட்சி, தீவுத்திடல் பொருட்காட்சி என்று வேறு பக்கம் திரும்பியிருக்கும். பைக் நிறுத்தவும் இடம் கிடைக்கும்.